வராத பாக்கியைக் கணக்கில் என்ன செய்வது? வாராக்கடன் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் கடைசியில் கணக்கு முடிக்க உட்காரும்போது ஒவ்வொரு ஷெட்டிலும் பணம் தர வேண்டிய இரண்டு மூன்று பார்ட்டி பெயர்கள் எழுந்து நிற்கும். போன வருடமும் அதே பெயர், அதே தொகை. "இதை என்னங்க பண்றது?" என்று கேட்டால் முதலாளி கொஞ்ச நேரம் பேசமாட்டார். அப்புறம், "இருக்கட்டுமுங்க. தள்ளிட்டா நாளைக்கு அவனைப் போய் எந்த மொகத்தோட கேக்கறது?" என்பார்.

திருப்பூரில் நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கும், ஈரோட்டில் ஜவுளி வியாபாரிகளுக்கும், பல்லடம் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கும் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்தப் பதிலைக் கேட்காத மார்ச் எனக்கு இருந்ததில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் தள்ளுவது வேறு, கடனை விட்டுக்கொடுப்பது வேறு. தள்ளுவது என்றால் வராத பாக்கியைப் பார்ட்டி கணக்கிலிருந்து எடுத்து நட்டமாக எழுதுவது. அது உங்கள் புத்தகத்துக்குள் நடக்கும் ஒரு பதிவு, அவ்வளவுதான். அது பார்ட்டிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அவர் தர வேண்டிய பணம் அப்படியேதான் நிற்கிறது. கேட்கலாம், நோட்டீஸ் விடலாம், வழக்குப் போடலாம், வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

தள்ளாமல் வைத்திருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். பில் போட்ட வருடமே அந்தத் தொகை உங்கள் வருமானமாகி, அதற்கு வருமான வரியும் ஜிஎஸ்டியும் கட்டியாகிவிட்டது. பணம் வரவில்லை, வரி மட்டும் போய்விட்டது. கணக்கில் தள்ளினால்தான் வருமான வரியில் அந்தச் சுமையாவது குறையும். இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. 40 லட்சம் வெளியே நிற்கிறது என்ற நம்பிக்கையில் புது மிஷினுக்குக் கடன் வாங்குகிறவர், அதில் 5 லட்சம் செத்துப்போன பாக்கி என்பதை மறந்தே தவணை போடுகிறார். பெரும்பாலான வங்கிகள் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வாங்கும்போது 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியைக் கழித்துவிட்டுத்தான் ஓவர்டிராஃப்ட் (ஓடி) வரம்பைப் பார்க்கின்றன. வங்கி கழித்துப் பார்க்கும் பணத்தை, நாம் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, வேலையை ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: லெட்ஜரைச் சுத்தம் செய்யுங்கள்

எந்தப் பாக்கியையும் வாராக்கடன் என்று சொல்வதற்கு முன்னால், அது உண்மையிலேயே பாக்கிதானா என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் சலிப்புத் தருவது இந்தப் படிதான். எனக்குத் தெரிந்து அதிகப் பணம் கண்டுபிடிக்கப்படுவதும் இதில்தான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். நிட்டிங் யூனிட் ஒன்று ஒரு பனியன் கம்பெனிக்குக் கூலிக்கு ஓட்டிக் கொடுத்து 2,00,000 ரூபாய்க்கு பில் போட்டது. 5 சதவீத ஜிஎஸ்டி 10,000. மொத்தம் 2,10,000. வங்கியில் வந்தது 80,000. கணக்கு மென்பொருளான டாலியைத் திறந்தால் 1,30,000 பாக்கி என்று நிற்கும். முதலாளி இந்த எண்ணைத்தான் மனதில் வைத்திருப்பார்.

பார்ட்டியின் லெட்ஜரை வாங்கி ஒத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. அந்தக் கம்பெனி கூலியிலிருந்து 2 சதவீதத்தை உங்கள் வருமான வரியாக, அதாவது டிடிஎஸ்ஸாக, பிடித்திருக்கிறது, 4,000. அது உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வந்து உட்கார்ந்திருக்கும், நம் கணக்கில் ஏறியிருக்காது. அது பாக்கியே இல்லை, வரியாக ஏற்கெனவே உங்கள் பெயரில் சேர்ந்துவிட்ட பணம். அடுத்து, துணியில் நீடில் லைன் (ஊசிக் கோடு) விழுந்தது என்று அவர்கள் 6,000 ரூபாயைக் கழித்து டெபிட் நோட் போட்டிருக்கிறார்கள். நம் சூப்பர்வைசர் போய்ப் பார்த்து ஒத்துக்கொண்டும் வந்திருக்கிறார். ஆபீஸுக்கு அந்தத் தாள் வந்து சேரவில்லை. ஜிஎஸ்டியோடு சேர்த்தால் 6,300. ஆக, உண்மையில் வர வேண்டியது 1,19,700. மீதி 10,300 வராது, வரவும் வேண்டியதில்லை.

இந்த 10,300ஐயும் சேர்த்து வாராக்கடன் என்று தள்ளினால் இரண்டு தவறு நடக்கும். டிடிஎஸ் பிடித்தமாகக் கழித்துக்கொள்ள வேண்டிய 4,000ஐச் செலவாக எழுதியிருப்பீர்கள். துணிக் குறைக்கு, பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்டை முறைப்படி போட்டிருந்தால் 300 ரூபாய் ஜிஎஸ்டி குறைந்திருக்கும், அதையும் இழந்திருப்பீர்கள். அந்தக் கிரெடிட் நோட்டுக்குக் கெடு உண்டு. பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், எது முந்தியோ அதற்குள் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். பார்ட்டி தன் பக்கத்தில் எடுத்த உள்ளீட்டு வரியையும் (நம் பில்லின் ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதையும்) அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். தொகை சின்னதுதான். ஆனால் ஐம்பது பார்ட்டிக்கு இப்படி இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

இந்தப் படியில் பார்க்க வேண்டிய இன்னொன்று, பில்லோடு சேர்க்காமல் "ஆன் அக்கவுண்ட்" என்று போட்டுவைத்த வரவுகள். பார்ட்டி பணம் அனுப்பியிருப்பார், எந்த பில்லுக்கு என்று குறிக்கப்பட்டிருக்காது. பழைய பில் பாக்கியாகவும், பணம் தனியாகவும் தொங்கும். ஒவ்வொன்றையும் பில்வாரியாகச் சேர்த்துவிடுங்கள்.

கைமாத்தையும் பிரித்து எடுங்கள். நம் பக்கம் பார்ட்டியும் சொந்தக்காரரும் ஒருவராகவே இருப்பார். மச்சான் பில் பாக்கியும் வைத்திருப்பார், கல்யாணச் செலவுக்கு என்று ஒரு லட்சம் வாங்கியும் போயிருப்பார். இரண்டும் ஒரே லெட்ஜரில் கிடக்கும். கைமாத்து உங்கள் வியாபார வருமானமாக ஒருநாளும் கணக்கில் வந்ததில்லை. அதனால் அதை வாராக்கடனாக வருமான வரியில் கழிக்க முடியாது. வட்டித் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. கைமாத்தைத் தனி லெட்ஜருக்கு மாற்றிவிடுங்கள். நூல் மில்லுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போய்விட்டால் அதுவும் வாராக்கடனாகாது. அது வியாபார நட்டமாகுமா என்று ஆடிட்டரோடு தனியே பேச வேண்டிய விஷயம்.

இரண்டாம் படி: பாக்கிக்கு வயது எழுதுங்கள்

சுத்தமான லெட்ஜர் கையில் வந்ததும், ஒவ்வொரு பில்லும் எத்தனை நாளாக நிற்கிறது என்று பிரித்துப் போடுங்கள். டாலியில் பில்வாரியாகப் பதிந்திருந்தால் வயது அறிக்கை ஒரு நிமிட வேலை. 45 நாள் வரை, 46 முதல் 90, 91 முதல் 180, 181 முதல் 365, ஒரு வருடத்துக்கு மேல் என்று ஐந்து கட்டம் போதும். கம்பெனியாகப் பதிந்தவர்கள் இருப்புநிலைக் குறிப்பில் ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள், இரண்டு வருடம், மூன்று வருடம், அதற்கும் மேல் என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்ற விதி 1-4-2021 முதல் இருக்கிறது.

பார்ட்டியின் மொத்த பாக்கியைப் பார்க்காமல் பில்லின் வயதைப் பாருங்கள். மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டே ஒரு பழைய பில்லை மட்டும் தள்ளிக்கொண்டு போகிறார் என்றால், அங்கே பணக் கஷ்டம் இருக்காது, தகராறு இருக்கும். ஷேட் மாறியது, எடை குறைந்தது, தேதி தவறியது என்று ஏதோ ஒன்று. அதைப் பேசித் தீர்க்க வேண்டும். ஏஜெண்ட் மூலமாக வெளிமாநிலத்துக்குப் போன துணியாக இருந்தால் ஏஜெண்டையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பல சமயம் பணம் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாம் படி: கெடு தாண்டுவதற்குள் செய்ய வேண்டியவை

இது கணக்கு வேலை இல்லை என்று சிலர் விட்டுவிடுவார்கள். என்னைப் பொறுத்தவரை கணக்கு எழுதுகிறவர்தான் இந்தத் தேதிகளைக் காக்க வேண்டும், ஏனென்றால் தேதி அவர் கையில்தான் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் ஒரு பார்ட்டி கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வந்தது. "நோம்பி கழிச்சுத் தந்துடறோமுங்க" என்றார்கள். நம்பிக் காத்திருந்தோம். நோம்பி (பண்டிகை) முடிந்து வக்கீலிடம் போனபோது நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்தச் செக்கை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றிலிருந்து செக் திரும்பிய தேதியைச் சிவப்பு மையில் காலண்டரில் எழுதிவிடுகிறேன்.

செலாவணி முறிச் சட்டத்தின் 138வது பிரிவில் கெடு இப்படி: செக் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதிலும் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். செக் மூன்று மாதம்தான் செல்லும். தேதி போடாமல் வாங்கிவைத்த செக்கை நம்பி உட்காராதீர்கள்.

அடுத்தது காலவரம்பு. சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் உண்டு. கடன் தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து, பேசாவிட்டால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து. இந்த மூன்று வருடம் முடிவதற்குள் பார்ட்டி "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். ஒரு பகுதிப் பணம் கொடுத்து, கொடுத்ததற்கு அவர் கையெழுத்து இருந்தாலும் அப்படியே. அதனால்தான் ஒவ்வொரு மார்ச் 31க்கும் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கச் சொல்கிறேன். இரண்டு வரி போதும்: இந்தத் தேதியில் எங்கள் கணக்குப்படி உங்களுக்கு இவ்வளவு தர வேண்டியுள்ளது. கையெழுத்து, சீல், தேதி. உறவுக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. மூன்று வருடம் தாண்டிப்போன கடனுக்கும் ஒரு வாசல் உண்டு. அதைத் தருவதாகப் பார்ட்டி எழுத்தில் உறுதி கொடுத்துக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25வது பிரிவுப்படி அது செல்லும்.

மூன்றாவது, உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. நீங்கள் உற்பத்தியோ கூலி வேலையோ செய்யும் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் வருடத்து எம்எஸ்எம்இ சட்டம் உங்களுக்காகவே இருக்கிறது. எழுத்தில் தவணை பேசியிருந்தால் அதிகபட்சம் 45 நாள், பேசாவிட்டால் 15 நாள். அதற்குள் பணம் வராவிட்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் உங்கள் பகுதி வசதிக் கவுன்சிலில் மனு கொடுக்கலாம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துப் பணம் தர வேண்டியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் எண் இருந்தாலும் இந்தத் தாமதப் பண உரிமை கிடையாது. அதைத் தெரியாமல் மனு போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

இதோடு சேர்ந்தது வருமான வரியின் 43பி(எச்). 1961ஆம் வருடத்துச் சட்டத்தில் இது 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு 15 அல்லது 45 நாளுக்குள் கொடுக்காத பணத்தை, வாங்கியவர் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். அதாவது மார்ச்சில் உங்கள் பாக்கியை வைத்துக்கொண்டால் அவர் அதற்கு வரி கட்ட வேண்டிவரும். பிப்ரவரி கடைசியில் அவருடைய கணக்காளருக்கு உங்கள் உத்யம் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். முதலாளிக்குப் பத்து போன் போட்டு வராத பணம் அந்தக் கடிதத்துக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுவது இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கூட்டு வட்டியை, வருமா வராதா என்று தெரியாத நிலையில் உங்கள் கணக்கில் வருமானமாக ஏற்றாதீர்கள். வராத அசலுக்கு வரி கட்டியது போதும். நிச்சயமாக வரும் என்றான பிறகு எழுதிக்கொள்ளலாம்.

நான்காம் படி: ஒதுக்கு வையுங்கள்

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் "வாரா ஐயக்கடன் ஒதுக்கு" என்று படித்திருப்போம். பாஸான பிறகு அதை யாரும் தொடுவதில்லை. யார் தராமல் போவார் என்று இன்று தெரியாது, ஆனால் மொத்தத்தில் கொஞ்சம் வராது என்பது தெரியும். அந்தக் கொஞ்சத்தை இந்த வருட லாபத்திலிருந்தே எடுத்து ஓரமாக வைப்பதுதான் ஒதுக்கு.

நம் யூனிட்டுக்கு, 1,19,700ஐத் தள்ளிய பிறகு, மொத்தக் கடனாளிகள், அதாவது வர வேண்டிய பாக்கி, 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 45 நாள் வரை 18 லட்சம், 90 வரை 10 லட்சம், 180 வரை 6 லட்சம், ஒரு வருடம் வரை மூன்றரை லட்சம், அதற்கு மேல் இரண்டரை லட்சம். கடந்த நான்கைந்து வருடத்து அனுபவத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விகிதம் வைக்கிறோம். அரை சதவீதம், 2, 5, 20, 60 என்று வைத்தால், 9,000, 20,000, 30,000, 70,000, 1,50,000. கூட்டினால் 2,79,000. இந்த விகிதங்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் யூனிட்டின் விகிதத்தை உங்கள் பழைய லெட்ஜர்தான் சொல்லும்.

போன வருடத்து அனுபவம் மட்டும் எப்போதும் போதாது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயத்தோடு நிட்டிங்கும் காம்பாக்டிங்கும் சேர்ந்துதான் தடுமாறின. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா ஏற்றிய 50 சதவீத இறக்குமதி வரி. இப்படி ஒன்று வந்தால் ஒரு பார்ட்டி மட்டும் தாமதிக்க மாட்டார். சங்கிலியாக எல்லாரும் தாமதிப்பார்கள். அந்த வருடம் 45 நாள் கட்டத்துக்குக்கூட விகிதத்தை ஏற்றத்தான் வேண்டும். ஒரே எக்ஸ்போர்ட்டரிடம் பாதிக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பதிவு இப்படி வரும். போன வருடத்து ஒதுக்கு 2,20,000 ஏற்கெனவே இருக்கிறது. இந்த வருடம் தள்ளிய 1,19,700 அதில் கழிந்தால் மீதி 1,00,300. வேண்டியது 2,79,000. ஆகவே இந்த வருடம் லாப நட்டக் கணக்கில் பற்று 1,78,700, வாரா ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கில் வரவு 1,78,700. இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் 40,00,000, கழிக்க ஒதுக்கு 2,79,000, நிகரம் 37,21,000. இந்த 37,21,000தான் நீங்கள் நம்பித் திட்டம் போட வேண்டிய எண்.

ஒதுக்கு வைத்ததால் வருமான வரி குறையாது. வங்கிகளுக்கும் சில நிதி நிறுவனங்களுக்கும் தவிர மற்றவர்களுக்கு ஒதுக்கு கழிவாகாது. வரிக் கணக்குப் போடும்போது அதைத் திரும்பக் கூட்டிவிட வேண்டும். "அப்புறம் எதுக்குங்க இது?" என்று கேட்பார்கள். உங்கள் கண்ணுக்கு உண்மை தெரியத்தான்.

ஐந்தாம் படி: தள்ளும் பதிவு

எப்போது தள்ளலாம்? கடை பூட்டிக் கிடக்கிறது, ஆள் ஊரில் இல்லை, ஜிஎஸ்டி பதிவு ரத்தாகிவிட்டது, மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டது, வழக்குச் செலவு பாக்கியைவிட அதிகம், இப்படி ஏதாவது ஒன்றை உங்கள் மனசாட்சிக்குச் சொல்ல முடிந்தால் தள்ளலாம். முழுத் தொகையும் தள்ள வேண்டும் என்பதில்லை, பாதி வரும் என்று நம்பினால் மீதிப் பாதியை மட்டும் தள்ளலாம். பார்ட்டி கம்பெனியாக இருந்து திவால் நடைமுறைக்குப் போயிருந்தால், அறிவிப்பு வந்ததும் செயல்பாட்டுக் கடனீந்தோருக்கான (சரக்கோ வேலையோ கொடுத்துப் பணம் வர வேண்டியவர்களுக்கான) பி படிவத்தில் உங்கள் கோரிக்கையைப் பதிந்துவிடுங்கள். அங்கே சப்ளையர் வரிசை கீழேதான் வரும். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் பதியாமல் விட்டால் அதுவும் இல்லை.

டாலியில் ஜர்னல் வவுச்சர், தேதி மார்ச் 31. வாராக்கடன் கணக்கில் பற்று 1,19,700, பார்ட்டி கணக்கில் வரவு 1,19,700. வரவு வைக்கும்போது எந்த பில்லுக்கு என்று சுட்டுங்கள். விவரத்தில் பில் எண், தேதி, காரணம், அதில் ஜிஎஸ்டி பங்கு எவ்வளவு என்பதை எழுதுங்கள். ஒதுக்கு வைத்திருப்பவர்கள் ஆண்டு முடிவில் வாராக்கடன் கணக்கை ஒதுக்கோடு சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம். எப்படியானாலும் பார்ட்டியின் லெட்ஜர் பூஜ்யமாக வேண்டும். பார்ட்டியைத் தொடாமல் பொதுவாக ஒரு தொகையை எழுதி வைப்பது பின்னால் கேள்வியைக் கொண்டுவரும்.

ஒரு ஃபைல் போடுங்கள். பில் நகல், டெலிவரி சலான், பாக்கி உறுதிக் கடிதம், அனுப்பிய கடிதங்கள், திரும்பி வந்த பதிவுத் தபால், முதலாளி கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு. கூட்டு நிறுவனமானால் பங்குதாரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும், கம்பெனியானால் போர்டு தீர்மானம். பிறகு, தள்ளிய பார்ட்டிகளுக்கென்று ஒரு தனி நோட்டு வையுங்கள். பெயர், தொகை, தள்ளிய வருடம், வழக்கு நிலை. கணக்கிலிருந்து பெயர் போனாலும் இந்த நோட்டிலிருந்து போகாது. முதலாளி பயப்படுவது பெயர் மறைந்துவிடும் என்றுதான். இந்த நோட்டைக் காட்டினால் பாதி பேர் சம்மதித்துவிடுகிறார்கள். பார்ட்டிக்கு மட்டும் "தள்ளிவிட்டோம்" என்று கடிதமோ, பாக்கி இல்லை என்ற சான்றோ எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி திரும்ப வருமா?

வராது. பில் போட்டபோது கட்டிய வரியை, பார்ட்டி பணம் தரவில்லை என்பதற்காகக் குறைக்க நம் ஜிஎஸ்டி சட்டத்தில் வழி இல்லை. கிரெடிட் நோட் போட 34வது பிரிவு சொல்லும் காரணங்கள் சரக்குத் திரும்பியது, சரக்கிலோ வேலையிலோ குறை, மதிப்போ வரியோ அதிகமாகப் போட்டது ஆகியவைதான். வாராக்கடன் அதில் இல்லை. பேரம் பேசி 1,19,700க்கு 90,000 வாங்கி முடித்துக்கொண்டால்கூட, மீதி 29,700ஐ வரி தொடாத கணக்குக் கிரெடிட் நோட்டாகத்தான் எழுத வேண்டும். பேரம் பேசி முடிப்பது பெரிய தொகையானால் ரொக்கமாக வாங்குகிறேன் என்று போய்விடாதீர்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம்.

ஆனால் மறுபக்கம் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், வாங்கியவர் தான் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 150ஆவது நாளில் இதை நினைவூட்டி ஒரு மெயில் அனுப்புங்கள்.

வருமான வரியில் கழிப்பது

1961ஆம் வருடத்துச் சட்டத்தில் 36வது பிரிவு, முதல் உட்பிரிவின் ஏழாவது கூறு. 1-4-1989க்கு முன்னால் கடன் உண்மையிலேயே கெட்டுப்போனது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கணக்கில் தள்ளியிருந்தாலே போதும். டிஆர்எஃப் என்ற கம்பெனியின் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிபந்தனை இரண்டு. அந்த வருடத்துப் புத்தகத்திலேயே தள்ளியிருக்க வேண்டும். ரிட்டர்ன் போட்ட பிறகு ஞாபகம் வந்தால் அந்த வருடத்துக்கு ஆகாது, அடுத்த வருடத்தில் தள்ளிக்கொள்ளலாம். இரண்டாவது, அந்தத் தொகை முன்னால் உங்கள் வருமானத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பில் கூலியான 2 லட்சம் சேர்ந்தது, ஜிஎஸ்டி பங்கு விற்பனையாகச் சேரவில்லை. ஆகவே ஜிஎஸ்டி பங்கை எந்தத் தலைப்பில் கோருவது என்பதை ஆடிட்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். விவரத்தில் அதைத் தனியே எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

44ஏடி பிரிவில் விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபம் என்று காட்டுபவர்களுக்குத் தனியாக வாராக்கடன் கழிவு கிடையாது, எல்லாம் அந்த விகிதத்துக்குள் அடக்கம். ரொக்க முறையில் கணக்கு வைப்பவர்களுக்கும் இல்லை, ஏனென்றால் வராத பணம் அவர்கள் வருமானத்தில் ஏறவே இல்லை. 1-4-2026 முதல் நடைமுறைக்கான 2025ஆம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. படிவம் நிரப்பும்போது பழைய எண்ணையே எழுதிவிடாதீர்கள்.

நேரடியாக ஏற்றுமதி செய்பவர்கள் டாலியில் ஒரு பதிவு போட்டு முடிக்க முடியாது. வெளிநாட்டுப் பணம் வராவிட்டால் வங்கி வழியாக, ரிசர்வ் வங்கி விதிப்படிதான் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஷிப்பிங் பில் வங்கியின் கண்காணிப்பில் திறந்தே கிடக்கும், வாங்கிய டிராபேக்கையும் (ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தந்த வரியையும்) திருப்பக் கேட்பார்கள். இசிஜிசி என்ற ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தின் காப்பீடு எடுத்திருந்தால் தாமதத்தைக் கெடுவுக்குள் அவர்களுக்குத் தெரிவிப்பதுதான் முதல் வேலை.

தள்ளிய பணம் திரும்பி வந்தால்

வரும். இரண்டு வருடம் கழித்து அந்தப் பனியன் கம்பெனிக்காரர் வேறு பெயரில் யூனிட் ஆரம்பித்து, நூல் ஓட்ட மறுபடி உங்களிடமே வருவார். "பழசைக் கொஞ்சம் குடுத்துட்டுப் பேசுங்க" என்பீர்கள். அவர் 40,000 அனுப்புவார். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மூடிய பழைய லெட்ஜரையே திறந்து அதில் வரவு வைத்துவிடுகிறார்கள். பூஜ்யமாக இருந்த கணக்கில் 40,000 வரவு நின்று, நாம் அவருக்குத் தர வேண்டியதுபோல இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் வந்துவிடும். அடுத்த வருடம் வரும் புதுக் கணக்காளர் அதை அவருடைய புது பில்லில் கழித்தும் விடுவார்.

சரியான பதிவு: வங்கிக் கணக்கில் பற்று 40,000, "வசூலான வாராக்கடன்" என்ற கணக்கில் வரவு 40,000. அது அந்த வருடத்து வருமானம். தள்ளியபோது வரியில் கழித்த அளவுக்கு இப்போது வரியும் உண்டு, 41வது பிரிவின் நான்காம் உட்பிரிவு. ஜிஎஸ்டி மறுபடி கட்ட வேண்டியதில்லை, அதை பில் போட்ட மாதமே கட்டிவிட்டீர்கள். கடைசியாகத் தனி நோட்டை எடுத்து அந்தப் பெயருக்கு எதிரே தேதியும் 40,000 என்றும் எழுதுங்கள். பக்கத்தில் மீதி 79,700.